பனிநாட்டில் தட்டைக் கூரை: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் பீடத்தை நினைப்பர். அடுத்து மணியை, சுரூபங்களை, பாடகர் குழுவை நினைப்பர். பீடத்தின் அடியில் உபயகாரர் பெயர் இருக்கும். மணியிலே அதை வார்த்த ஆண்டு இருக்கும். கூரையில் மட்டும் எவருடைய பெயரும் பொறிக்கப்படுவதில்லை. ஒழுகாத வரையில் அதை அண்ணாந்து பார்ப்பாரும் இல்லை. எனினும் பீடமும் மணியும் சுரூபமும் பாடகர் குழுவும் காய்ந்திருப்பது அந்தக் கூரையினாலேதான்.

நம் வெள்ளி விழா ஆண்டிலே மண்டபக் கூரையைக் கழற்றிப் புதிதாக இடவேண்டிய பொறுப்பு நம்மேல் வந்திருக்கிறது. “ஒழுகுகிற இடத்தில் தாரைப் பூசினால் போதாதா? பழையதின் மேலேயே இன்னொன்றை விரித்தால் என்ன? ஊரிலே நாலு ஓட்டை மாற்றினால் வேலை முடிந்தது. இங்கே ஏன் இவ்வளவு பணம்?” என்று பங்கு மக்கள் பலரும் கேட்கின்றனர். கேட்பது முறையே, பணம் அவர்களுடையது. இக்கேள்விகளுக்கு வரலாறு நல்ல விடை வைத்திருக்கிறது. அதனைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமறை காட்டும் கூரை

தட்டைக் கூரை பனிநாட்டில் பிறந்ததன்று. வெயில் நாட்டில் பிறந்தது. ஆண்டவர் வாழ்ந்த பாலஸ்தீன நாட்டிலே சுவருக்குச் சுவர் மரக்கட்டைகளைக் கிடத்தி, அவற்றின்மேல் கிளைகளையும் நாணலையும் பரப்பி, களிமண்ணைச் சாந்தாக்கிப் பூசிக் கூரை அமைத்தனர். மழை பெய்து மண் இளகினால் கல் உருளையை உருட்டி மறுபடி இறுக்குவர். அக்கூரையில் மக்கள் தானியம் உலர்த்தினர், மாலையில் காற்று வாங்கினர், இரவிலே உறங்கினர். கூரைமேல் நடமாட்டம் இருந்தபடியால், வீடு கட்டுவோர் விளிம்பிலே கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது.

மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்திலே, கப்பர்நாகூமில் நால்வர் கூரையைப் பிரித்து முடக்குவாதக்காரரை ஆண்டவர் முன் இறக்கிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். மண்ணும் நாணலுமான கூரையாதலால் கையாலேயே அதைத் தோண்ட முடிந்தது. மழை சிறிது, வெயில் பெரிது என்ற நாட்டுக்கு அந்தக் கூரை போதும். நீர் உறைந்து கல்லாகும் நாட்டுக்கு அது போதாது.

குளிர்நாட்டார் கண்ட வழிகள்

பனி பெய்யும் நாடுகளிலே பழங்காலத்தார் பெரும்பாலும் கூரையைச் சரித்தே கட்டினர். கியூபெக் மாநிலத்தின் பழைய கோயில்களைப் பார்த்தோர், செங்குத்தாக எழும் கூரைகளையும் அவற்றின்மேல் பளபளக்கும் வெள்ளீயத் தகட்டையும் கண்டிருப்பர். சரிவு மிகுந்த கூரையில் பனி தங்காது, நீர் நிற்காது. அங்கே நீரைத் தடுப்பதைவிட ஓடவிடுவதே முறை.

நோர்வே நாட்டார் வேறொரு வழி கண்டனர். அவர்களுடைய பழைய புல்தரைக் கூரைகள் சரிவு குறைந்தவை. மேலே தெரிவது புல்லும் மண்ணும். ஆனால் நீரைத் தடுப்பது அதன் அடியிலே அடுக்கடுக்காக விரித்த பூர்ச்ச மரப்பட்டை. பட்டை சுருளாமல் அழுத்திப் பிடிக்கவும், வெயிலிலும் உறைபனியிலும் வெடிக்காமல் காக்கவும் மேலே மண் தேவைப்பட்டது. அந்த மண்ணும் புல்லும் சதுர மீற்றருக்குச் சுமார் 250 கிலோ எடை வரும். நீரைத் தடுக்கும் பொருள் மேலே கிடந்து வருந்தக்கூடாது, காப்பின் கீழே கிடக்க வேண்டும் என்ற இந்தப் பாடத்தை நாம் மறவாதிருப்போம். பல நூற்றாண்டு கழித்து விஞ்ஞானிகள் இதே பாடத்துக்குத் திரும்பி வந்தனர்.

தாரும் தாளும்

மரக்கலத்தின் உள்ளும் புறமும் கீல் பூசும்படி நோவாவுக்குக் கட்டளை பிறந்ததைத் தொடக்க நூலில் வாசிக்கிறோம். நீரைத் தடுக்கக் கீலும் தாரும் உதவும் என்பது அத்துணைப் பழைய அறிவு. ஆயினும் தாரைத் தாளோடு சேர்த்து, சரிவில்லாத கூரைக்கு உறையாக்கும் வழி ஐரோப்பாவிலே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் சுவீடன் முதலிய நாடுகளில் முயலப்பட்டது. 1839-ஆம் ஆண்டளவில் சைலீசியாவின் ஹிர்ஷ்பெர்க் நகரத்துச் சாமுவேல் ஹொய்ஸ்லர் என்பவர் தாளையும் தார்க்கலவையையும் அடுக்கடுக்காக இட்டு, மேலே சரளைக்கல் பரப்பும் முறையைக் கொண்டுவந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது.

அமெரிக்காவிலே 1847-இல் சின்சினாட்டி நகரில் வாரன் சகோதரர் இத்தொழிலைத் தொடங்கினர். முதலில் மரக்கலங்களுக்கு இடும் தாளைப் பைன் மரத்துத் தாரில் தோய்த்தனர். பின்னர் நகரத்து எரிவாயு ஆலைகளின் பக்கம் திரும்பினர். தெருவிளக்குக்காக நிலக்கரியிலிருந்து வாயு எடுத்தபின் எஞ்சிய தாரை அந்த ஆலைகள் வேண்டாப் பொருளாகக் கருதின. அவர்கள் வேண்டாம் என்றதை இவர்கள் மலிவாக வாங்கிக் கூரையாக்கினர். மூன்று, நான்கு, ஐந்து அடுக்குத் தாளும், அடுக்குக்கு அடுக்கு காய்ச்சிய தாரும், எல்லாவற்றுக்கும் மேலே சரளையும் என்று அமைந்த ‘தார்ச்சரளைக் கூரை’ இவ்வாறுதான் வட அமெரிக்கா எங்கும் பரவிற்று.

மொன்றியல் நகரில் வாழும் நம் உறவினர் இதன் வரலாற்றுக்குள்ளேயே குடியிருக்கின்றனர் எனலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே வரிசை வரிசையாக எழுந்த இரண்டடுக்கு, மூன்றடுக்கு வீடுகள் தட்டைக் கூரை உடையவை. அக்கூரைகள் வெளிப்புறம் சரியாமல் நடுவை நோக்கித் தாழ்ந்திருக்கும். நடுவிலே ஒரு குழாய். அது வீட்டினுள்ளே இறங்கும். இதற்குக் காரணங்கள் உண்டு. பனி தெருவிலே போவோர் தலையில் சரிந்து விழாது. வீட்டினுள் இறங்கும் குழாய் வீட்டின் வெப்பத்தால் உறையாதிருக்கும். வெளிச்சுவரில் பீலியும் குழாயும் வைத்தால் தை மாதக் குளிரில் அவை பனிக்கட்டியால் அடைபட்டு, நீர் திரும்பிக் கூரைக்குள்ளே புகும். இதைப் பட்டறிந்தவர்களே நடுக்குழாயைக் கண்டனர்.

தட்டைக் கூரை என்று பேச்சுக்குச் சொல்கிறோமே ஒழிய, அது முற்றிலும் தட்டையாக இருக்கக்கூடாது. மீற்றருக்கு 2 சென்ரிமீற்றராவது வாட்டம் வேண்டும் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. வாட்டம் இல்லாத கூரையிலே நீர் குளமாகும். ஒரு சென்ரிமீற்றர் ஆழ நீர் சதுர மீற்றருக்கு 10 கிலோ பாரம். பாரத்தால் கூரை தொய்யும். தொய்ந்த இடத்தில் இன்னும் நீர் சேரும். உறையும்போது நீர் ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். பருத்து, சிறு கீறலைப் பெரும் வெடிப்பாக்கும்.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தொழில் ஒழுங்குக்குள் வந்தது. இத்தனை அடுக்கு, இவ்வளவு தார், இவ்வளவு சரளை என்று விதி எழுதினர். நன்கு அமைத்த கூரைக்கு 20 ஆண்டு உத்தரவாதமும் அளித்தனர். அந்த எண்ணைக் கவனியுங்கள். 20 முதல் 25 ஆண்டு என்பது ஏறக்குறைய ஒரு வெள்ளி விழாவின் வயது. தார்க்கூரை என்பது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் என்பதை அதைச் செய்தவர்களே மறைக்கவில்லை.

கீழிருந்து வந்த நீர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்நாட்டு நகரங்களின் புறத்தே புதுக் குடியிருப்புகள் எழுந்தன. பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் கோயில்களும் விரைவாகக் கட்டப்பட்டன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்துக்குப் பின், மக்கள் பீடத்தைச் சூழ்ந்து நிற்கத்தக்க அகன்ற, தாழ்ந்த ஆலயங்களைப் பலரும் விரும்பினர். அகன்ற கட்டடத்துக்குச் சரிந்த கூரை பெருஞ்செலவு. தட்டைக் கூரை சிறு செலவு. நமக்கு முன் இவ்விடத்தில் வழிபட்ட இறைமக்கள் கட்டி, நாம் பெற்றுக்கொண்ட மண்டபமும் அவ்வகையைச் சேர்ந்ததே.

அக்காலத்திலேதான் ஒரு புதிர் எழுந்தது. முறைப்படி இட்ட கூரைகளும் சில ஆண்டுகளில் கொப்புளித்தன, வெடித்தன, மழையே இல்லாத மாசி மாதத்தில் ஒழுகின. ஒட்டாவாவிலே தேசிய ஆராய்ச்சி மன்றம் 1947-இல் கட்டட ஆராய்ச்சிப் பிரிவொன்றைத் தொடங்கியது. ராபர்ட் லெகெட் அதன் முதல் இயக்குநர். கனடாவின் குளிரில் கட்டடங்கள் ஏன் கெடுகின்றன என்று அப்பிரிவு ஆராய்ந்து, 1960 முதல் கட்டுவோருக்கு விளங்கும் நடையில் மாதந்தோறும் சிறு வெளியீடுகளை அனுப்பிவந்தது. கூரை பற்றியவை அவற்றில் பல.

விடை வியப்பானது. நீரில் ஒரு பகுதி மேலிருந்து வரவில்லை, உள்ளிருந்தே வந்தது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று உறைநிலைக்குக் கீழ் 20 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 1 கிராமையே தாங்கும். எஞ்சியது நீராகவோ உறைபனியாகவோ படியும். சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீரை வெளிவிடுகிறார். நத்தார் ஒன்றுகூடலுக்கு நம் மண்டபத்தில் 300 பேர் இரண்டு மணி நேரம் இருந்தால் 30 லீற்றர் நீர் காற்றில் கலக்கிறது. தேநீர்க் கேத்தலும் சோற்றுப் பானையும் தருவது வேறு. அந்த ஈரக்காற்று மேலே எழுந்து, கூரையின் அடியிலுள்ள சிறு இடைவெளிகளினூடே புகுந்து, குளிர்ந்த தார்த்தாளின் கீழே உறைபனியாகப் படிகிறது. மாசி, பங்குனியில் வெயில் பட்டதும் உருகிச் சொட்டுகிறது. நாம் அண்ணாந்து பார்த்து, “கூரை ஓட்டை” என்கிறோம். உண்மையில் சொட்டியது நம்முடைய மூச்சு!

ஆகவே குளிர்நாட்டுக் கூரைக்கு இரண்டு காவல் வேண்டும். மேலே மழைக்கும் உருகும் பனிக்கும் ஒன்று; கீழே உள்ளிருந்து வரும் ஈரக்காற்றுக்கு ஒன்று. கீழ்க்காவல் குளிர்காப்புப் பலகையின் வெப்பமான பக்கத்தில், அதாவது உட்புறத்தில், இடைவெளியின்றி அமைய வேண்டும். இதனை அறியாமல், அல்லது அறிந்தும் செலவுக்கு அஞ்சி விட்டுவிட்ட கூரைகள் எத்தனையோ.

கறுப்புத் தார்க்கூரை கோடை நண்பகலில் 70 பாகைக்கு மேலும் சூடேறும்; மாரி இரவில் உறைநிலைக்குக் கீழ் 30 பாகைக்கும் இறங்கும். ஒரே பொருள் 100 பாகை வேறுபாட்டைத் தாங்கி விரிந்து சுருங்க வேண்டும். இதற்கு விடையாக 1960-களில் கூரையைத் தலைகீழாக்கும் முறை வந்தது. நீர்காப்பு விரிப்பைக் கீழே இட்டு, அதன்மேல் நீர் உறிஞ்சாத குளிர்காப்புப் பலகையையும் சரளையையும் வைத்தனர். விரிப்பு வீட்டின் வெப்பநிலைக்கு அண்மையிலேயே இருந்துவிடும். நோர்வே நாட்டார் மரப்பட்டையை மண்ணின் கீழ் வைத்ததும் இதுவன்றோ!

அதே காலத்தில் ஐரோப்பாவிலே தாரோடு நெகிழிப் பொருளையும் ரப்பர்த் தன்மையுள்ள பொருளையும் கலந்து, குளிரில் வெடிக்காத விரிப்புகளைச் செய்தனர். செயற்கை ரப்பர் விரிப்புகளும் வந்தன. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் குளிர்காப்பைத் தடிப்பாக்குவது எங்கும் வழக்கமாயிற்று. பழைய காய்ச்சிய தாரின் இடத்தைப் புதிய விரிப்புகள் மெல்ல மெல்லப் பிடித்தன.

எலியட் லேக் தரும் எச்சரிக்கை

ஒழுக்கைப் பொறுத்துக்கொள்வதன் முடிவு என்ன? ஒன்ராறியோ மாநிலத்தின் வடக்கே, சட்பரிக்கும் சூ செயின்ற் மேரிக்கும் இடையிலே எலியட் லேக் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1980-இல் திறக்கப்பட்ட அல்கோ வணிக வளாகத்தின் தட்டைக் கூரையே வாகனத் தரிப்பிடமாகவும் இருந்தது. திறந்த காலம் தொட்டே அது ஒழுகியது. வாளிகள் வைத்தனர், விரிப்புகளைக் கட்டித் தொங்கவிட்டனர், வெடிப்புகளை அடைத்தனர். உள்ளே இருந்த நூலகத்தில் புத்தகங்களை மூடி வைத்தனர். ஊரார் அந்த வளாகத்துக்கு நீர்வீழ்ச்சி என்று கேலிப்பெயரும் இட்டனர். முழுமையான நீர்காப்பு மட்டும் கடைசிவரை செய்யப்படவில்லை.

பனியுருக்க வீதிகளில் இடும் உப்பு, வாகனச் சில்லுகளோடு கூரைக்கு வந்து, நீரோடு கலந்து, உருக்குச் சட்டங்களின் இணைப்புகளை 30 ஆண்டுகளுக்கு மேலாக அரித்தது. 2012 ஆனி 23-ஆம் நாள் ஓர் இணைப்பு முறிந்து கூரையின் ஒரு பகுதி வீழ்ந்தது. இரு பெண்கள் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். நீதியரசர் போல் பெலாஞ்சேயின் விசாரணை அறிக்கை 2014-இல் வெளிவந்தது. அரித்தது இரும்பை என்றாலும், தவறியவர்கள் மனிதர்களே என்பதை அது தெளிவாகக் காட்டிற்று. எத்தனையோ பேர் அந்த ஒழுக்கைக் கண்டனர். ஒவ்வொருவரும் அதை மற்றொருவர் பொறுப்பென்று விட்டனர்.

நம் மண்டபத்தின்மேல் வாகனம் நிற்பதில்லை, உப்பும் இல்லை. எனவே எவரும் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் வாளி வைப்பது பரிகாரமன்று என்ற பாடம் நமக்கும் உரியதே. கூரை இறங்குவதற்கும் வீடு ஒழுகுவதற்கும் மனிதரின் சோம்பலே காரணம் என்று சபை உரையாளர் நூலின் 10-ஆம் அதிகாரத்திலே ஞானி சுட்டியிருக்கிறார்.

நாம் செய்யவேண்டியது

முன்னர்க் கேட்ட கேள்விகளுக்கு இப்போது விடை சொல்லலாம். ஒழுகுகிற இடத்தில் தார் பூசினால் போதாதா? தட்டைக் கூரையில் நீர் புகுந்த இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று. உள்ளே பலகைகளுக்கு இடையே பல மீற்றர் தூரம் ஓடியபின்னரே அது சொட்டும். பெரும்பாலும் அது புகுவது நடுப்பரப்பிலன்று. சுவரும் கூரையும் சந்திக்கும் மூலையிலும், குழாய்கள் துளைத்து வரும் இடத்திலும், வடிகுழாயின் வாயிலுமே.

பழையதின்மேல் இன்னொன்றை விரிக்கலாமா? கீழே உள்ளவை காய்ந்திருந்தால், ஒருமுறை செய்யலாம். நனைந்திருந்தால் செய்யலாகாது. ஈரத்தை இரண்டு விரிப்புகளுக்கு நடுவே சிறைவைத்தால் அது குளிர்காப்பைக் கெடுக்கும். அடித்தட்டை இற்றுப்போகச் செய்யும். கோடை வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் எழுப்பும். ஆகவே சில இடங்களில் வட்டமாக வெட்டி எடுத்து உள்ளே பார்த்தபின்பே முடிவு செய்தல் வேண்டும். பழைய தார்த்தாள்களில் கல்நார் கலந்திருப்பதும் உண்டு. அதையும் சோதித்தறிய வேண்டும். அடித்தட்டு வரை கழற்றினால்தான் இற்றுப்போன இடம் தெரியும். கீழ்க்காவலைச் செம்மையாக இடலாம். சரிவு வெட்டிய குளிர்காப்புப் பலகைகளால் வாட்டமும் கொடுக்கலாம். பணம் மிகுதியாகச் செல்வது மேலே தெரியும் விரிப்புக்கு மட்டுமன்று. அதன் அடியிலே தெரியாமல் கிடக்கும் இவற்றுக்கும்தான்.

காலமும் முக்கியம். கடுங்குளிரில் விரிப்புகள் விறைக்கும், பசைகள் பிடிக்கா. ஆதலால் வைகாசி தொடங்கிப் புரட்டாதிக்குள் வேலையை முடிப்பது நலம். அன்றன்று மூடக்கூடிய அளவையே அன்றன்று திறக்க வேண்டும். தீச்சுவாலையால் ஒட்டும் விரிப்பாயின், வேலை நின்றபின்னும் சில மணி நேரம் ஒருவர் காவலிருத்தல் இன்றியமையாதது. மரச்சட்டத்துள் ஒளிந்த பொறி இரவில் பற்றக்கூடும். முடிந்தபின் ஆண்டுக்கு இருமுறை, இலை உதிர்ந்தபின் ஒன்றும் பனி உருகியபின் ஒன்றுமாக, வடிகுழாய் வாயைத் துப்புரவாக்கிக் கூரையைச் சுற்றிப் பார்ப்பதற்கு நம் இளைஞர் மன்றத்தினர் பொறுப்பேற்றால் பெரும் உதவியாகும்.

இது நமக்குப் புதிய கடமை அன்று. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நம் முன்னோர் கிடுகாலும் பனையோலையாலும் வீடு வேய்ந்தனர். ஓலை ஓரிரு மாரிக்கே தாங்கும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். அதற்காக எவரும் வருந்தவில்லை. மழைக்கு முன் அயலார் கூடினர். ஒருவர் கிடுகு எடுத்துக் கொடுக்க, ஒருவர் முகட்டில் இருந்து கட்ட, பொழுது சாயுமுன் வீடு புதிதாயிற்று. பழைய ஓலையின்மேலே ஓலை போட்டுக்கொண்டே போனால் உள்ளே உளுக்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே. அவர்கள் ஆண்டுதோறும் செய்ததை நாம் 25 ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறோம், அவ்வளவே வேறுபாடு.

கப்பர்நாகூமின் கூரையைப் பிரித்த நால்வரின் விசுவாசத்தை நற்செய்தி போற்றுகிறது. அன்று மாலை அந்தத் துவாரத்தை மூடியவர் யார் என்று அது சொல்லவில்லை. யாரோ ஒருவர் மண் குழைத்து, நாணல் பரப்பி, உருளை உருட்டியிருக்க வேண்டும். இல்லையேல் அடுத்த மழை அவ்வீட்டாரை நனைத்திருக்கும். இந்த யூபிலி ஆண்டில் நமக்குக் கிடைத்திருப்பது அந்தப் பெயர் தெரியாதவரின் பணி. நமக்குப் பின் வருவோர், பொன் விழாவிலே இம்மண்டபத்தில் கூடும்போது, மேலே அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவையின்றி இருப்பார்களானால், அதுவே நம் உபயமாகும். அதற்கு வேண்டிய ஒற்றுமையையும் தாராள மனத்தையும் இறைவன் நமக்கு அருள்வாராக.